கைக்குழந்தை – 1

1

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. திருவண்ணாமலை தாலுகா ஆபீசில், துணை தாசில்தாரின் மேசைக்கு எதிரே, நானும் என் மகள் கோமதியும் உட்கார்ந்திருந்தோம். அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம். விசாரணை முடிந்துவிட்டது, எழுந்து கும்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டியதுதான் என்ற நினைப்பில் நான் அதை நிமிர்ந்து பார்த்தேன். அதனால்தான் நிமிடம் வரை நினைவிருக்கிறது.

கோமதியை இந்தியக் குடிமகளாகப் பதிவு செய்யக் கேட்டு நான் போட்ட மனுவின் மீதான விசாரணை அது. அவள் அதுவரை ஒரு கேள்வியையும் தவறவிடவில்லை. கொடியின் சக்கரத்தில் எத்தனை ஆரம் என்றார். இருபத்து நான்கு என்றாள். சட்டமன்றத்தில் எத்தனை உறுப்பினர் என்றார். இருநூற்று முப்பத்து நான்கு என்றாள். குடியரசுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்றதற்கு, அவர் கேட்காத விளக்கத்தையும் சேர்த்தே சொன்னாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பரவாயில்லியே. எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு இதுக்கு முழிப்பாங்க" என்றவர், பேனாவை மூடிக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார். "எங்கம்மா பொறந்தே?"

"இங்கதாங்க சார். திருவண்ணாமலையில."

மூடி பாதியில் நின்றது. அவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதில் என் கையெழுத்தில், பிறந்த இடம் இலங்கை, கண்டி மாவட்டம், தோட்ட மருந்தகம் என்று இருந்தது. அதன் அடியில் பள்ளியிலிருந்து வாங்கி இணைத்த சேர்க்கைப் பதிவேட்டின் நகல். அந்தத் தாளை மாதக்கணக்கில் கையில் வைத்திருந்தும் நான் பிறந்த தேதியை மட்டுமே சரிபார்த்திருந்தேன். அவர் விரல் வைத்த வரியில் பிறந்த ஊர் திருவண்ணாமலை.

"என்னங்க இது? இங்க பொறந்த பொண்ணுன்னா இந்த மனுவே தேவையில்ல. அங்க பொறந்துச்சுன்னா ஸ்கூல்ல சொன்னது பொய். எது பொய்னு நீங்களே சொல்லிடுங்க."

நான் நகலை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினேன். என்னைக் கொஞ்சம் நிதானப்படுத்தத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. "நீங்க வாத்தியாரா இருந்தவருதானே? பொண்ணுக்கு எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? சரி, நம்ம சுதந்திர தினம் என்னைக்கு? நீங்க சொல்லுங்க பாப்போம்."

"பிப்ரவரி நாலு" என்றேன்.

கோமதி என் பக்கம் திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல், "ஆகஸ்டு பதினஞ்சுப்பா" என்றாள்.

2

கண்டித் தோட்டத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு பிப்ரவரி நான்கு இலங்கையின் சுதந்திர தினம் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் அந்தக் காலையில் என் எதிரே வரிசையில் நின்றவர்கள். பதினோரு வருடம், மழையிலும் பனியிலும், அந்தத் தேதியில் தோட்டப் பாடசாலை முற்றத்தில் நான் கொடி ஏற்றினேன். குடிமைப் பாடமும் நான்தான் எடுத்தேன். வாக்குரிமை என்றால் என்ன, பிரதிநிதிகள் சபை எதற்கு, குடிமகனின் கடமைகள் எவை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எழுதிக்கொண்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. எழுதிப் போட்டவனுக்கும் கிடையாது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பரீட்சையில் வரும், படியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போடும் காலம் வந்தபோது மூன்று லயத்து வீடுகளுக்கும் ஃபாரம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஒரு அறிவுரையை எல்லோருக்கும் சொன்னேன்: கொடுத்த மனுவில் பிறகு திருத்தம் கேட்காதீர்கள், கேட்டால் உங்கள் கோப்பு அடுக்கின் அடிக்குப் போய்விடும். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. யாரோ சொன்னார்கள், நான் வாத்தியார் குரலில் திருப்பிச் சொன்னேன்.

எங்கள் மனு போன மறு வருடம், அறுபத்தொன்பதில், கோமதி பிறந்தாள். அவள் பெயரைச் சேர்க்கத் திருத்தம் கேட்கவில்லை. என் அறிவுரையை நானே மீற மனமில்லை என்று சொல்லலாம். பயந்தேன் என்பதுதான் சரி. எழுபத்தொன்றில் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அவள் என் மனைவி சிவகாமியின் இடுப்பில் இருந்தாள். இக்கரையில் ஒரு அதிகாரி, கப்பலில் வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் எங்கள் இரண்டு பெயருக்கும் கீழே, பெயர் கேட்காமல், "கைக்குழந்தை – 1" என்று எழுதினார். நானும் பெயரைச் சொல்லவில்லை. விட்டார்களே, அது போதும் என்றிருந்தது.

அந்தக் கைக்குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைய அந்த வியாழனிலிருந்து பதினோரு நாள் இருந்தது. அதற்குள் விசாரணை அறிக்கை போனால் எங்கள் பிள்ளையாக அவளைப் பதிவு செய்வார்கள். தவறினால் அவள் பெரியவள். எந்த நாட்டுத் தாளும் இல்லாத அந்நியப் பெண்ணாகத் தனியே மனுப்போட வேண்டும். அது எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆசிரியர் பயிற்சியில் சேர அவளுக்கு ஆசை. குடியுரிமைச் சான்று இல்லாமல் விண்ணப்பத்தைக்கூட வாங்க மாட்டார்கள்.

அதிகாரி கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குடும்ப அட்டையை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கைக்குழந்த இந்தப் பொண்ணுதான்னு யாரு சொல்லுவாங்க?"

"நான் சொல்றேன் ஐயா. அவ அம்மா சொல்லுவா."

"நீங்க ஏற்கெனவே ரெண்டு எடத்துல ரெண்டு விதமா சொல்லிட்டீங்க சார். உங்க கூட அதே கப்பல்ல வந்தவங்க, கார்டு வச்சிருக்கவங்க, யாராவது ஒருத்தர கூட்டிட்டு வாங்க. திங்கக்கெழம அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். செவ்வாய்லேருந்து தீபத்துக்கு டூட்டி போட்டுட்டாங்க. திரும்பி இந்த நாற்காலில உக்கார பன்னெண்டு நாள் ஆவும்."

பதினொன்றிலிருந்து பன்னிரண்டைக் கழித்துப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

3

நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு எழுதியதில்லை. என் ஆசிரியர் சான்றிதழ் இங்கே செல்லவில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டார் தங்கும் ஒரு சின்ன விடுதியில் பதிவேடு எழுதுகிறேன். வெள்ளைக்காரர்கள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு வந்து என் முன் கடவுச்சீட்டை வைப்பார்கள். பெயர், பிறந்த ஊர், நாடு, எப்போது வந்தார், எப்போது போவார். கடைசிக் கட்டத்தைத் தவிர மற்றதை யோசிக்காமல் எழுதுவேன். பதினாறு வருடமாக இங்கே இருக்கிற என் மகளுக்கு அந்தப் பதிவேட்டில்கூட எழுத ஒரு நாடு இல்லை.

மனு போட்டவுடன் குமாஸ்தா ஒருவர் சொன்னார், "ஐயா கேள்வி கேப்பாரு, பொண்ணு டக்குடக்குனு பதில் சொல்லணும்." அது போதும், எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு வரலாறு குடிமையியல் புத்தகங்களை வாங்கி வந்தேன். நூற்றுப்பத்து கேள்விகளை நோட்டில் எழுதினேன். நான்கு மாதம், தினமும் காலை ஐந்தரைக்கு அவளை எழுப்பி உட்காரவைத்துக் கேட்டேன்.

"அப்பா, இதெல்லாம் தெரியாதவங்க நம்ம தெருவுல எத்தினி பேரு இருக்காங்க. அவங்கள எல்லாம் எந்த ஊருக்கு அனுப்பப் போறாங்க?" என்றாள் ஒருநாள்.

"அவங்களுக்குத் தெரியாட்டிப் பரவாயில்ல. உனக்குத் தெரியணும்."

"ஏன்?"

அடுத்த கேள்விக்குப் போனேன். நூற்றுப்பத்திலும் "எங்கே பிறந்தாய்" என்ற ஒன்று இல்லை.

அதைத்தான் சிவகாமி வியாழக்கிழமை மதியம் கேட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே உட்காராமல், நின்றபடியே கேட்டாள். "ஊருக்கெல்லாம் ஃபாரம் எழுதினீங்க. பெத்த புள்ள பேர எழுத மட்டும் உங்க பேனாவுல மை இல்லாமப் போச்சு. சரி, அத விடுங்க. பள்ளிக்கூடத்துல எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

எதற்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லக் கூசுகிறது. தாளில் நம்மைத் தாயகம் திரும்பியோர் என்று எழுதுகிறார்கள். தெருவில் சிலோன்காரங்க. என் தாத்தா இந்தப் பக்கத்து ஊரிலிருந்து போனவர் என்பதால் எங்களை இங்கே அனுப்பினார்கள். அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வந்த புதிதில் கடையில் பாண் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் வெற்றிலை பாக்கை எடுத்து வைத்தார். ரொட்டி கேட்கத் தெரியாத ஆள் என்று அது ஒரு மாதம் தெருவில் ஓடியது. கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிக்க ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் பள்ளியில் பிள்ளைக்கும் அது நடக்கும் என்று பட்டது. தலைமை ஆசிரியை "பிறந்த ஊர்?" என்று கேட்டபோது, சுலபமாக, திருவண்ணாமலை என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ஐந்து வயதுப் பிள்ளையிடம், யார் கேட்டாலும் அப்படியே சொல்லு கண்ணு என்றேன். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

இன்று அவள் பேச்சில் உங்கள் பக்கத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. ஜாஸ்தி, கம்மி, இன்னா என்று இந்தத் தெருவைப் போலவே பேசுகிறாள். தோழிகள் வந்தால், "அப்பா, நீங்க கொஞ்சம் உள்ள இருங்களேன்" என்பாள். நான் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். இருந்துகொள்வேன். அவளை இந்த ஊர்க்காரியாக்க நான் பட்ட பாட்டில் எனக்கு வெற்றிதான்.

சிவகாமி கடைசியில் உட்கார்ந்தாள். "காத்தாயி அக்கா இருக்காங்களே" என்றாள்.

"யாருப்பா காத்தாயி?" என்றாள் கோமதி.

4

காத்தாயி அக்காவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தார்கள். அவர்கள் குடும்ப ஃபாரத்தையும் நான்தான் எழுதினேன். ஒரே கப்பலில் வந்தோம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருக்கிறார்கள். கணவர் இறந்துவிட்டார். மகன் வீட்டில் இருந்துகொண்டு நிலக்கடலை வேலைக்குப் போகிறார்கள்.

பதினாறு வருடத்தில் நான் அங்கே ஒருமுறையும் போனதில்லை. அவர்கள் ஒருமுறை வந்தார்கள். எட்டு வருடம் இருக்கும். கணவர் இறந்ததற்கு ஒரு மனு எழுத வேண்டும் என்று, தாள் வாங்கிக்கொண்டே வந்திருந்தார்கள். "மாஸ்டர்!" என்று தெரு முனையிலிருந்தே கூப்பிட்டார்கள், நம் ஊர் ராகத்தில். எதிர் வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் வாசலுக்கு வெளியே போய், வேலிப் படலைச் சாத்திவிட்டு, நின்றபடியே மனுவை எழுதிக் கொடுத்தேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாத்திய படலை ஒரு முறை பார்த்துவிட்டு, "வரட்டா மாஸ்டர்" என்று போனார்கள். கோமதி அப்போது பள்ளியில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடுதியில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். பேருந்தில் அந்த ஒரு மணி நேரமும் காத்தாயி அக்காவிடம் என்ன சொல்வது என்று நோட்டில் கேள்வி எழுதுவதுபோல மனதில் எழுதிக்கொண்டே போனேன். தேவைப்படவில்லை. வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். களத்தில் காயவைத்த கடலையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பெண், நிலக்கடலையை மல்லாட்ட என்பவள்.

"அத்த இல்லீங்களே. மல்லாட்ட புடுங்க செஞ்சிப் பக்கம் போயிருக்காங்க, ஆளுங்களோட. எப்ப வருவாங்களோ."

"திங்கள்கிழமைக்குள்ள வந்திடுவாங்களா?"

"வேல முடிஞ்சா வருவாங்க. நீங்க யாருன்னு சொல்றது?"

"மாஸ்டர்னு சொல்லுங்க. திருவண்ணாமலை மாஸ்டர்."

அவள் காலை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, அந்த வெளிய நிக்கவச்ச மாஸ்டரா நீங்க?"

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். ஒரு தாளில் விஷயத்தை எழுதி, திங்கள்கிழமை, தாலுகா ஆபீஸ், ஐந்து மணிக்குள், கப்பல் அட்டையோடு என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், காத்தாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தானே என்னைத் தேடி வந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"நான் படிச்சுச் சொல்றேன். வருவாங்களா மாட்டாங்களான்னு நான் சொல்ல முடியாதுங்க" என்றாள்.

5

சனியும் ஞாயிறும் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அந்த வருடம் வந்த மற்ற குடும்பங்களைப் பற்றி விசாரித்தேன். ஒரு குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போய்விட்டது. ஒருவர் நீலகிரியில். ஒருவர் இலங்கைக்கே திரும்பிப் போய்விட்டார் என்றார்கள், எப்படி என்று தெரியவில்லை. ஞாயிறு மாலை நோட்டை எடுத்து நூற்றுப்பத்து கேள்விகளையும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எல்லாம் தெரிந்தது. எழுபத்தேழில் இந்த ஊரில்தான் நான் முதன்முறையாக வாக்களித்தேன், நாற்பத்திரண்டாம் வயதில். விரலில் வைத்த மையை இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். அப்படிப்பட்டவனின் வாயில் பிப்ரவரி நாலு எங்கிருந்து வந்தது?

திங்கள்கிழமை காலை பத்துக்கே போய்விட்டோம். கோமதி பள்ளிச் சீருடையில், சிவகாமி குடும்ப அட்டையைப் பைக்குள் பிடித்தபடி. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். தீபத்துக்கான வேலை ஆபீஸ் முழுக்க நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே, தடுப்புக் கட்டை எங்கே என்று ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒன்றரைக்கு ஒரு சிப்பந்தி, வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துகிறார்கள், கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று யாரிடமோ சொன்னார். சிவகாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கோமதி கேட்டாள். "அவங்க ஏன் வரணும்ப்பா?"

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரத்தில் பெயர் எழுதாததை, பள்ளியில் சொன்னதை, வேலிப் படலைச் சாத்தியதை. ஒரு பரீட்சையில் தோற்றவன் விடைத்தாளைக் காட்டுவதுபோல. அவள் நகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க வந்தா எனக்கு அடையாளம்கூடத் தெரியாது" என்றாள். பிறகு, "அங்க நான் பொறந்த எடம் எப்பிடி இருக்கும்?" என்றாள். பதினேழு வருடத்தில் முதல்முறை. சொல்ல ஆரம்பித்தேன், மருந்தக வாசலுக்கு உள்ளே எனக்குத் தெரியாது. சிவகாமிதான் சொன்னாள்.

நான்கு மணிக்குத் துணை தாசில்தார் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "யாரும் வரலீங்களா?"

"வந்திடுவாங்க ஐயா."

"நான் அஞ்சு வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான்கு இருபதுக்கு அவருடைய சைக்கிளைத் துடைத்து நிறுத்தினார்கள். நான் படிக்கட்டில் இறங்கி ரோடுவரை போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். கடலைக்காரிகள், பலூன்காரர், மொட்டை போட்ட குடும்பங்கள். கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். என்னை நானே திட்டிக்கொள்ள வார்த்தை தீர்ந்துபோயிற்று.

நான்கு நாற்பதுக்கு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து குரல் கேட்டது.

"மாஸ்டர்!"

அதே ராகம். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காத்தாயி அக்கா முழங்கால்வரை செம்மண்ணோடு வந்துகொண்டிருந்தார்கள். பேருந்தை நிறுத்திய இடத்திலிருந்து மூன்று மைல் நடந்திருக்கிறார்கள். நான் எழுந்தேன், கும்பிட்டேனா தெரியவில்லை. அவர்கள் என்னைக் கடந்து, சிவகாமியைக் கடந்து, கோமதியின் முன்னால் போய் நின்றார்கள். அவள் இடது காதைப் பிடித்துத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன மச்சத்தைப் பார்த்தார்கள். கோமதி, தோழிகள் முன் என்னை உள்ளே இருக்கச் சொல்கிற அதே கோமதி, அசையாமல் நின்றாள்.

உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி அவர்களுடைய அட்டையை வாங்கி, எங்கள் அட்டையோடு வைத்து, கப்பல் ஏறிய தேதியை ஒப்பிட்டார். ஒன்றாகவே இருந்தது. கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். எழுதுவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் வியாழக்கிழமைச் சிரிப்பு.

"ஏம்மா, நம்ம சுதந்திர தினம் என்னைக்குனு உனக்காவது தெரியுமா?"

"அதெல்லாம் மாஸ்டரக் கேளுங்க சாமி, அவருதான் படிச்சவரு" என்றார்கள் காத்தாயி அக்கா. "கப்பல்ல இந்தப் புள்ளயோட அம்மா மயங்கிக் கெடக்கயில, இது யாரு மடியில மூணு தடவ வாந்தி எடுத்துச்சுன்னு கேளுங்க. அத நான் சொல்லுறேன், எழுதிக்கங்க."